உட்காரத் தெரியாதவள்

அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கல்யாணமான புதிதில் கணவர் இதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேபோனார். சாப்பிட உட்கார்ந்தால் நடுவே எழுந்து எழுந்து எதையாவது எடுத்து வருவாள். ஃபோன் பேசினால் வீடு முழுக்க நடப்பாள். சினிமாவுக்குப் போனால் பாதியில் வெளியே போய்க் காலாற உலாத்திவிட்டு வந்து, "என்ன ஆச்சு, வில்லன் செத்துட்டானா?" என்று காதைக் கடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தாள்.

ஆனால் அந்த உட்காரல் வேறு மாதிரி. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, வலது காலை அந்த பிரேக்குக்கு ஒரு விரல் மேலே தூக்கிப் பிடித்தபடி ஊரைச் சுற்ற வேண்டும். உடம்பு ஆசனத்தில் இருந்தாலும் கால் எப்போதும் வேலையில் இருக்கும். அந்தக் காலை நம்பித்தான் நூற்றுக்கணக்கானவர்கள் அவளிடம் ஓட்டப் பழகினார்கள். "பிரேக் மேடம்" என்பதுதான் தெருவில் அவள் பெயர்.

கணவர் நேர் எதிர். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்வார். சின்ன விளக்குச் சுடரில் மெழுகை இளக்கி, ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தைச் செதுக்க அரை நாள் எடுத்துக்கொள்வார். பிரேக் மேடத்தின் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அந்தத் தெருவுக்கே பெரிய நகைச்சுவை. "ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்டியரிங் போதும்" என்பார். எத்தனையோ முறை கெஞ்சியும் மிரட்டியும் பார்த்து அவள் கைகழுவிவிட்டாள்.

முதலில் கண்ணில்தான் தொடங்கியது. ஒரு கண்ணை அசைத்தால் வலித்தது; சிக்னலின் சிவப்பு அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளுத்துத் தெரிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள், சில வாரத்தில் சரியானது, மறந்துவிட்டாள். பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாகச் சுரீரென்று மின்சாரம் இறங்கியது. "ஏசி காத்து நேரா படுது, அதான்" என்று தானே வைத்தியமும் சொல்லிக்கொண்டாள்.

ஏசியைக் குற்றம் சொல்ல முடியாத நாள் ஒன்று வந்தது. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்காக ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அம்மாள் வழக்கம்போல ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இவள் பிரேக்கை மிதித்தாள். அதாவது மிதித்ததாக நினைத்தாள். குனிந்து பார்த்தால் கால் வேறு யாருடையதோ போலத் தரைவிரிப்பில் சாய்ந்து கிடந்தது. மிதி, மிதி என்று மனசு கத்தியது. கால் காது கேளாததுபோல் இருந்தது. கடைசி நொடியில் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தாள். கார் ஒருக்களித்து, வேனின் பின்பக்கத்தை உரசி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மாள் மெல்லக் கையை வாயிலிருந்து எடுத்தார். "நான் தைரியமா ஓட்டணும்னுதானே மேடம் நீங்க பிரேக் போடல?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள். கை இன்னும் கைபிரேக்கை விடவில்லை.

தலையையும் முதுகையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த நரம்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, அங்கங்கே வெள்ளையாக இருந்த பொட்டுகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். "ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, நரம்புக்கும் அப்படி ஒண்ணு உண்டு. கிருமிய அடிக்க வேண்டிய உங்க ரத்த அணுக்கள் ஆள் தெரியாம அந்த உறைய அரிச்சுத் தின்னுது. நீங்க கால தூக்கச் சொல்றீங்க, சொன்னது கால் வரைக்கும் போய்ச் சேரல."

"சொன்னா கேக்காத ஸ்டூடண்ட் மாதிரி."

"ஸ்டூடண்ட் மேல தப்பில்ல. நடுவுல லைன் கட்" என்றார் டாக்டர்.

மருந்துகள் தொடங்கின. ஊசி, பிறகு மாத்திரை, பிறகு வேறு ஊசி. கொஞ்ச காலம் அடங்கியிருக்கும். திடீரென்று ஒரு காலை கை மரத்திருக்கும், அல்லது நடை கோணும். ஒவ்வொரு முறையும் போனதில் முக்கால்வாசி திரும்பி வரும், கால்வாசி வராது. பிரேக் இருக்கையை உதவிப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவன், அதனால் சோடாபுட்டி என்று பெயர். இவள் கைத்தடியோடு வகுப்பறையில் நின்று சாலைக் குறியீடுகள் நடத்தினாள். வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் ஜன்னலுக்குப் போய்விடுவாள். வீட்டில் இன்னும் மோசம். உட்கார்ந்தால் கால் தானாகத் துள்ளியது, எழுந்தால் தாங்க மறுத்தது. நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் அவள் கைத்தடியோடு தட்டித் தட்டிப் போவதைப் பார்க்க முடியாமல் கணவர் மெழுகுப் பல்லை வீட்டுக்கே எடுத்துவந்து அதன்மேல் கண்ணை வைத்துக்கொள்வார்.

நரம்பு டாக்டர் ஒரு நாள் ரத்த நோய் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் மூல அணுக்களைப் பிரித்தெடுத்து உறைய வைப்பது. கடுமையான மருந்து கொடுத்து, ஆள் தெரியாமல் அடிக்கிற பழைய அணுக்களைத் துடைத்தெடுப்பது. பிறகு உறைய வைத்ததைத் திருப்பி ஏற்றுவது. அதிலிருந்து முளைக்கும் புது அணுக்கள் நரம்பை எதிரியாக நினைக்காது என்பது நம்பிக்கை.

"நம்பிக்கைதானா டாக்டர்?"

"உங்கள மாதிரி நடை முழுசா போறதுக்கு முன்னால வர்றவங்கள்ல நிறைய பேருக்கு நோய் நின்னிருக்கு. நிக்குதுன்னுதான் சொல்றேன். ஏற்கெனவே கருகினது திரும்பி வருமான்னு கேட்டா, கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். இன்னொண்ணும் சொல்லிடறேன். புது அணு முளைக்கிற வரைக்கும் உடம்புல காவலே இருக்காது. சாதாரண சளி கூட ஆள சாய்ச்சிடும். சிலர் இறந்திருக்காங்க. ரொம்பக் குறைவு. ஆனா இருக்காங்க."

வீட்டு வாசலில் கணவர் செருப்பைக் கழற்றும்போது சொன்னார். "வேணாம்."

"ஏன்?"

"இப்ப என்ன குறை? தடி ஊனி நடக்கற. நாளைக்கு நடக்க முடியலன்னா நான் தள்ளிட்டுப் போறேன். நீ இருந்தா போதும் எனக்கு."

"சும்மா இருக்கறதுக்கு நான் என்ன அலமாரியா?"

கணவர் உள்ளே போனார். அதன்பிறகு அந்த வீட்டில் பல நாட்கள் பேச்சு முறைக்கு முறை அங்கேயே வந்து முட்டி நின்றது. அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தாலாவது அவள் திருப்பிக் கத்தியிருப்பாள். சிகிச்சைக்குச் சம்மதம் சொன்ன அன்று அவர் கூட வந்தார், டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், வெளியே வந்து ஒரு தூண் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஃபோனில் அழுதார். "என் எலும்புல இருந்து எடுத்துக்கச் சொல்லும்மா. எவ்வளவு வேணும்னாலும் எடுக்கட்டும்."

"உன்னோடது வேணாம்ணே. என்னோடதையே எடுத்து எனக்கே வைக்கறாங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எதுக்கும்மா எடுக்கணும்? உள்ளயே இருக்கட்டுமே?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதற்குத்தான்.

மூல அணுக்களை எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்க முதலில் ஒரு சுற்று மருந்தும் பிறகு தினமும் வயிற்றில் ஊசியும் போட்டார்கள். இடுப்பும் தொடையும் உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் வலித்தன. பிரித்தெடுக்கும் நாளில் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். ஒரு குழாயில் ரத்தம் போனது, உள்ளே சுழன்றது, இன்னொரு குழாயில் திரும்பி வந்தது. அசையாமல் படுக்க வேண்டும் என்றாள் நர்ஸ். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான். கூரையில் இருந்த குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள் காரை எடுத்து, வீட்டு வாசலிலிருந்து ஊர் எல்லை வரை கியர் மாற்றி மாற்றி ஓட்டினாள். திரும்பி வருவதற்குள் ஒருவழியாக முடிந்தது.

முடி கொட்டத் தொடங்குவதற்கு முன்பே போய் மழித்துக்கொண்டாள். காத்திருப்பது அவள் குணத்தில் இல்லை.

பிறகு தனியறை. இரட்டைக் கதவு, திறக்க முடியாத ஜன்னல், வடிகட்டிய காற்று ஓயாமல் வீசும் சத்தம். கட்டிலிலிருந்து கழிப்பறை, கழிப்பறையிலிருந்து ஜன்னல். உலகம் அவ்வளவுதான். மருந்து ஏறத் தொடங்கியது. அதோடு கொடுத்த ஸ்டீராய்டு, ஏற்கெனவே நிலைகொள்ளாதவளைப் பம்பரமாக்கிவிட்டது. தூக்கம் போனது. உடம்பில் துளி சக்தி இல்லை, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று எழுந்திரு எழுந்திரு என்று பிடித்துத் தள்ளியது. மருந்துப் பை தொங்கும் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலை இழுத்து, அந்தக் காலை வைத்து, சுவருக்குச் சுவர் நடந்தாள். வாந்தி வந்தால் நின்றாள். முடிந்ததும் நடந்தாள்.

"கொஞ்சம் படுங்களேன்மா" என்றாள் நர்ஸ், முகமூடிக்கு மேல் கண்ணை உருட்டி.

"ஏதாவது வேலை குடுங்க சிஸ்டர். ஜன்னல தொடைக்கட்டுமா?"

"ஜன்னலயா? நீங்க தொடக் கூடாதுன்னு அத நாங்க தொடைக்கறோம்!"

உறைந்த அணுக்கள் வந்த நாளைப் பெரிதாக எதிர்பார்த்திருந்தாள். வந்ததோ தக்காளிச் சாற்றைத் தண்ணீர் விட்டுக் கலக்கியதுபோல ஒரு சின்னப் பை. வெந்நீர்த் தொட்டியில் இளக்கி, நெஞ்சில் பொருத்தியிருந்த குழாய் வழியாக ஏற்றினார்கள். தொண்டையில் ஒரு கசகசப்பு, அறை முழுக்க, உறைய வைக்கச் சேர்த்த மருந்தின் பூண்டு வாடை. வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுக்கும் நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான். இனிமே அது பாட்டுக்கு முளைக்கும். நம்ம வேலை காத்திருக்கறது" என்றார் டாக்டரம்மா.

அவளிடம் அதைப்போய்ச் சொன்னார்.

காவல் அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயின. வாய்க்குள் புண், எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர். கணவர் தினமும் வேலை முடிந்து வந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஃபோனில் பேசுவார். ஆனால் அந்த வாரம் அவர் வரும் நேரமெல்லாம் தப்பியது. ஒரு நாள் தாமதமாக வந்தார், ஒரு நாள் வரவே இல்லை. கேட்டால், "வேலை" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். காது மடல் சிவந்துவிடும். அவள் படுத்துப் புரண்டு என்னென்னவோ யோசித்தாள். பயந்துவிட்டாரா? பார்க்கப் பிடிக்கவில்லையா? கண்ணாடியில் தன் மொட்டைத்தலையைப் பார்த்துக்கொண்டாள். அன்று அவள் நடந்த நடையில் தாங்கியின் சக்கரம் ஒன்று கழன்று ஓடியது.

ஒரு பகல் ஃபோன் அடித்தது. "ஜன்னல் பக்கம் வா."

ஆஸ்பத்திரியின் பின்புறம் காலியாகக் கிடக்கும் நிறுத்துமிடம் கீழே தெரிந்தது. நடுவில் அவளுடைய பயிற்சிக் கார், தலையில் பலகையோடு. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து கணவர் இறங்கினார், மேலே பார்த்துக் கையாட்டினார், திரும்ப ஏறிக்கொண்டார். பக்கத்தில் சோடாபுட்டி.

"என்னங்க பண்றீங்க?"

"பாரு."

கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. திரும்பக் கிளம்பியது. இன்னொரு குதி.

"கிளட்ச்ச மெதுவா விடுங்க! மெழுகு செதுக்கற மாதிரி மெதுவா!"

"அக்கா, நீங்க சும்மா இருங்க, நான் சொல்லிக்கறேன்" என்றது சோடாபுட்டியின் குரல்.

"நீ வாய மூடு! முதல்ல சீட்ட முன்னால தள்ளச் சொன்னியா அவர? கால் எட்டல பாரு! என்னங்க, எதிர்ல கம்பம்! கம்பம்! நேரா பாருங்க, என்ன ஏன் பாக்கறீங்க!"

அவளுடைய வலது கால் ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. படுக்கையோரக் கருவி கீச்கீச்சென்று கத்தியது. என்னவோ ஏதோவென்று நர்ஸ் ஓடிவந்து, ஜன்னலில் எட்டிப் பார்த்து, நிலவரம் புரிந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். கீழே கார் கம்பத்தைச் சுற்றி ஆமை வேகத்தில் ஒரு முழு வட்டம் அடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

"இத்தனை வருஷம் நான் சொன்னப்ப கத்துக்கல. இப்ப என்ன வந்துச்சு?"

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "நீ வீட்டுக்கு வரும்போது வாடகை வண்டில ஏத்த மாட்டேன். ஊர்ல உள்ளவன் இருமினதெல்லாம் அதுக்குள்ள இருக்கும்."

அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "ஹேண்ட்பிரேக் போட்டுட்டு இறங்குங்க" என்றாள்.

அன்று மாலையே காய்ச்சல் வந்தது. முதலில் குளிர், பிறகு பல் கிட்டும் நடுக்கம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா வந்தார், இன்னொரு டாக்டர் வந்தார், ஒரு கிருமிக்கொல்லி போதாதென்று இன்னொன்றைத் தொங்கவிட்டார்கள். பழைய பொட்டுகள் இருந்த இடமெல்லாம் விழித்துக்கொண்டதுபோலக் காய்ச்சலில் கால் இரண்டும் செத்துக் கிடந்தன. எழுந்து நடக்க முடியாது என்பதைவிட, எழ வேண்டும் என்றே தோன்றவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. இப்படித்தான் போய்ச்சேர்வார்களோ?

கணவரைத் தலை முதல் கால் வரை மூடி உள்ளே விட்டார்கள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தவர், மேலே போகாமல் நிறுத்திக்கொண்டார். "சரி, விடு. ஏதாவது பேசு. நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."

"உங்க... ஸ்டியரிங் பிடி... சரியில்ல" என்றாள் நடுக்கத்துக்கு நடுவே. "கழுத்த நெரிக்கற மாதிரி... பிடிக்கறீங்க."

"சரி. அப்புறம்?"

"கண்ணாடிய பாக்கறதே இல்ல. பின்னால எவன் வர்றான்னு..."

"சரி. அப்புறம்?"

அவர் விடாமல் கேட்டார். அவள் பல் நடுங்க ஒவ்வொரு குறையாகச் சொன்னாள். குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. எப்போது தூங்கிப்போனாள் என்று தெரியாது. அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு காலையில் வியர்த்துக்கொட்டி விட்டுவிட்டது. அதற்கடுத்த ரத்தப் பரிசோதனையில் புது அணுக்கள் தலைகாட்டியிருந்தன. "முளைச்சிடுச்சு!" என்று நர்ஸ் வாசலிலிருந்தே கத்தினாள். பிரேக் மேடத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, பசி.

வீட்டுக்குப் போன பயணத்தைத்தான் மொத்தச் சிகிச்சையிலும் பெரிய வேதனை என்று இன்றும் சொல்வாள். கணவர் ஓட்டினார். சைக்கிள்கள் முந்தின. பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே அவருடைய பரம்பரையை விசாரித்தார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கடைவாய்ப் பல் செதுக்குகிற அதே முகம். "மூணாவது கியர்னு ஒண்ணு இருக்குங்க" என்றாள். "இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே. யாரும் பக்கத்தில் வரக் கூடாது, வெளியில் எதையும் தின்னக் கூடாது. உடம்பு அசந்து கிடந்தது, மனசு மட்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தது. ஒவ்வொரு குறுகுறுப்பும் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. விரல் மரத்தால், திரும்ப வந்துவிட்டதா? கண் எரிந்தால், ஆரம்பித்துவிட்டதா? ஒரு கண்ணை மூடி எதிர்வீட்டுச் சிவப்புக் கதவைப் பார்ப்பாள், மறு கண்ணை மூடிப் பார்ப்பாள். ஒரே சிவப்புதான். அரை மணி கழித்துத் திரும்பவும் பார்ப்பாள்.

ஸ்கேன் நாளில் நரம்பு டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "புதுசா ஒண்ணும் இல்ல. பழசு பழசாவே இருக்கு."

"நின்னுடுச்சா?"

"இப்போதைக்கு நின்னிருக்கு. வருஷா வருஷம் பாப்போம்."

வீட்டுக்குள் தடி தேவைப்படவில்லை. கை தெளிந்தது. வலது கால் முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் சொன்ன நொடியில் வராது; ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வரும். அந்த ஒரு கணம் போதும், ஒரு உயிர் போக. யாரும் சொல்லாமலே அவள் பிரேக் இருக்கையில் இனி உட்காருவதில்லை என்று முடிவுசெய்தாள். கொஞ்ச நாள் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டு அங்கிருந்து கத்தினாள். சோடாபுட்டி கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, பசங்க என்ன பாக்கறதா, உங்களப் பாக்கறதான்னு ரோட்ட பாக்கறத விட்டுட்டாங்க."

இறங்கிவிட்டாள். இப்போது பயிற்சி மைதானத்தில் அவளைப் பார்க்கலாம். பின்னால் எடுப்பது, குறுகலில் நிறுத்துவது, மேட்டில் கிளப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. தடியை ஊன்றி வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து, பானெட்டைத் தட்டி, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, நில்லு!" என்று குரல் கொடுப்பாள். களைப்பு வந்தால் நிழலில் நிற்பாள். அந்த நிழலிலும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. பழைய அணுக்களைத் துடைத்ததில், பிறந்ததிலிருந்து போட்ட தடுப்பூசிகளின் பலனும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்றார்கள். அதனால் ஒரு காலையில் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெஞ்சில், வாத்துப் படம் வரைந்த சுவருக்கு முன்னால், கணவரோடு காத்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த இளம் தாய் சுற்றும்முற்றும் பார்த்தாள். "உங்க குழந்தை எங்கங்க?"

"நான்தான் குழந்தை" என்றாள்.

தாய்க்குப் புரியவில்லை. மடியிலிருந்த கைக்குழந்தை மட்டும் இவளுடைய தலையையே உற்றுப் பார்த்தது. இருவர் தலையிலும் ஒரே அளவுக்குத்தான் முடி. நர்ஸ் முதலில் அதைக் கூப்பிட்டாள். உள்ளே வீலென்று ஒரு அலறல். அடுத்து இவளைக் கூப்பிட்டாள். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான்.

"அடுத்த ஊசிக்கு ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்துடுங்க" என்றாள் நர்ஸ்.

வெளியே குழந்தை இன்னும் தேம்பிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, தன் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினாள். "எனக்கும்தான் வலிக்குது. நான் அழறேனா பாரு."

குழந்தை தேம்பலை நிறுத்தி அந்தப் பஞ்சைப் பிடுங்கியது.